வலையமைப்பில் பதியும் கண்காணிப்புக் காமிரா
களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்

1. பாடத்தின் நோக்கம்

கண்காணிப்புக் காமிராவின் பணி இரு கூறுகளை உடையது. காட்சியைக் காண்பது ஒன்று. கண்டதைக் குறித்த காலம் வரை அழியாது காத்து, வேண்டும்பொழுது எடுத்துத் தருவது மற்றொன்று. முதற்கூறு எவர் கண்ணுக்கும் புலனாவதால் அதிலேயே மக்களின் கவனம் செல்கிறது. இரண்டாவது கூறு ஒரு மூலையில், பூட்டிய பெட்டிக்குள் நடைபெறுவதாகையால் அதனைச் சரிபார்ப்போர் மிகச் சிலரே. சேமிப்புப் பெட்டி ஒன்றை வலையமைப்பில் இணைத்து, காமிராக்களின் பதிவை அதில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

திருவனந்தபுரம் மாவட்டம் காட்டாக்கடைத் தாலுகாவைச் சேர்ந்த ஒற்றசேகரமங்கலத்தை நமது எடுத்துக்காட்டிற்குரிய இடமாகக் கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது. ஆதலால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகள் எல்லைப் பகுதிகளாயின. ரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இப்பகுதியில் மழை மிகுதி. இடியும் மின்னலும் மிகுதி. கருவிகளை நிறுவுவோர் எதிர்ப்படும் இடர்கள் பலவற்றையும் ஒருங்கே காண்பதற்கு இது ஏற்ற இடமாகும்.

எல்லையின் மறுபுறத்தே, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில், 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் பணியில் இருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அருகிலிருந்த காமிராவின் பதிவில் இருவர் தென்பட்டனர். ஜனவரி 14 அன்று கர்நாடகத்தைச் சேர்ந்த உடுப்பியில் இருவர் கைது செய்யப்பட்டனர். சில நிமிடங்களுக்குரிய பதிவு ஒன்று விசாரணைக்கு எத்துணைப் பயன்பட வல்லது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. பதிவு கிடைக்காமற்போன நிகழ்ச்சி ஒன்றையும் அடுத்துக் காண்போம்.

2. சாத்தான்குளம் தரும் படிப்பினை

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஜூன் 22, 23 ஆகிய தேதிகளில் அவ்விருவரும் உயிரிழந்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தவாறு கோவில்பட்டி நீதித்துறை நடுவர் ஜூன் 28 அன்று அந்நிலையத்திற்குச் சென்று விசாரித்தார். அங்கே காமிராக்கள் இருந்தன. பதிவு செய்யும் பெட்டியும் இருந்தது. அப்பெட்டியின் வட்டில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், நாள்தோறும் பதிவு தானே அழிந்துவிடும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது என்றும், ஜூன் 19 முதலான காட்சிகள் கிடைக்கவில்லை என்றும் நடுவர் தம் அறிக்கையில் தெரிவித்தார்.

இதனை ஒரு கணக்காக மாற்றிப் பார்ப்பது மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். சாதாரணக் காமிரா ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 கிகாபைட் பதிவைத் தரும். இக்கணக்கு வந்த விதம் நான்காம் பகுதியில் கூறப்படும். நான்கு காமிராக்கள் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 86.4 கிகாபைட் ஆகும். ஒரு டெராபைட், அதாவது 1,000 கிகாபைட் கொண்ட வட்டு நிரம்புவதற்குப் பதினொரு நாட்களுக்கு மேல் செல்லும். ஜூன் 19 க்கும் 28 க்கும் இடைப்பட்டவை ஒன்பது நாட்களே. இக்கணக்கின்படி, வட்டு நிரம்பும் வரை பழைய பதிவை அழிக்கலாகாது என்ற ஒரே அமைப்பு இருந்திருப்பின், நடுவர் வந்த நாளில் முதல் நாட்பதிவு வட்டில் எஞ்சியிருக்கும்.

காட்சி இல்லாத நிலையில் உண்மையை அறிவதற்கு அந்நிலையத்திற் பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலம் துணையாயிற்று. தம் மேலதிகாரிகளுக்கு எதிராக அவர் சாட்சியம் கூற வேண்டியிருந்தது. இயந்திரம் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு மனிதர் தனியே சுமக்க நேர்ந்தது என்பதைக் கருவி அமைப்போர் மறத்தலாகாது.

அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று நீதிபதி ஆர். எஃப். நாரிமன் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களில் ஒலியுடன் கூடிய, இரவிலும் காணவல்ல காமிராக்களை அமைக்க வேண்டும் என ஆணையிட்டது. வாயில்கள், காவல் அறைகள், தாழ்வாரங்கள், வரவேற்பிடம் முதலியவை காமிராவின் பார்வைக்குள் வரவேண்டும். பதிவு பதினெட்டு மாதங்கள் காக்கப்பட வேண்டும். அத்தகைய சாதனம் சந்தையில் கிடைக்காதவிடத்தும் ஓராண்டிற்குக் குறைதல் கூடாது. மின்சாரமோ இணையமோ இல்லாத இடங்களில் சூரிய சக்தி, காற்றுச் சக்தி முதலியவற்றைக்கொண்டேனும் வசதி செய்து தருவது மாநில அரசின் கடமை என்றும் அவ்வாணை கூறுகிறது. எனினும் பல நிலையங்களில் காமிராக்கள் இயங்காதிருப்பதை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கருவியை வாங்குவதோடு பணி முடிவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

3. பதிவு தங்கும் இடங்கள்

காமிரா அனுப்பும் காட்சியைப் பதிந்து வைப்பதற்கு நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, டி.வி.ஆர். எனப்படும் பழைய வகைப் பதிவுப் பெட்டி. ஒவ்வொரு காமிராவிலிருந்தும் தனித்தனிக் கம்பி இப்பெட்டிக்கு வரும். காட்சியை எண்களாகச் சுருக்கும் பணி பெட்டியில் நடைபெறும்.

இரண்டாவது, என்.வி.ஆர். எனப்படும் வலையமைப்புப் பதிவுப் பெட்டி. இங்கே காமிராவே காட்சியைச் சுருக்கி, வலையமைப்பின் வழியே அனுப்புகிறது. பெட்டி அதனைப் பெற்று வட்டில் எழுதுகிறது.

மூன்றாவது, என்.ஏ.எஸ். எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி. இது காமிராவுக்கென்றே செய்யப்பட்டதன்று. அலுவலகத்தின் கோப்புகளையும் பள்ளியின் பாடங்களையும் பொதுவாகச் சேர்த்து வைக்கப் பயன்படும் பெட்டியே இது. காமிரா தானே இதிலுள்ள ஓர் அடைவில் நேரே எழுதலாம். அன்றிப் பெட்டியில் இயங்கும் பதிவு மென்பொருள் காமிராவிலிருந்து காட்சியைப் பெற்று எழுதலாம். கோப்புகளை வலையமைப்பின் வழியே பகிர்வதற்கு என்.எஃப்.எஸ்., எஸ்.எம்.பி. என இரு நெறிமுறைகள் உள்ளன. இவற்றுள் என்.எஃப்.எஸ். 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. காமிரா இவற்றுள் ஒன்றையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, இணையத்தின் வழியே தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் கணினியிற் சேமிப்பது. எட்டுக் காமிராக்களுக்கு இடைவிடாது வினாடிக்கு 16 மெகாபிட் வீதம் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு இது 172.8 கிகாபைட் ஆகும். கிராமத்து இணைப்பு இச்சுமையைத் தாங்குவது அரிது. ஆதலால் பதிவை உள்ளூரிலேயே வைத்து, இன்றியமையாத காட்சிகளை மட்டும் வெளியே அனுப்புவது தக்கது.

பல நிறுவனங்களின் காமிராக்களும் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டும். ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2008 இல் தொடங்கிய ஆன்விஃப் என்னும் அமைப்பு இப்பொதுமொழியை வகுத்தது. கருவி வாங்குவோர் ஆன்விஃப் இசைவு உள்ளதா என்று கேட்டு வாங்குதல் நன்று. பின்னர் ஒரு காமிரா பழுதாயின் வேறு நிறுவனத்தின் காமிராவை அவ்விடத்தில் வைக்கலாம்.

4. கொள்ளளவைக் கணக்கிடும் முறை

இப்பாடத்தில் மிக இன்றியமையாத பகுதி இதுவே. இதற்கு வேண்டிய கணிதம் பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே.

காமிரா வினாடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரண்டு மெகாபிக்சல் காமிரா, எச். 264 என்னும் சுருக்க முறையில், வினாடிக்கு 15 படங்கள் வீதம் அனுப்பும்பொழுது 2 மெகாபிட் அளவில் அமைத்தல் பொதுவாகப் போதுமானது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே,

2 மெகாபிட் ÷ 8 = 0.25 மெகாபைட், ஒரு வினாடிக்கு.
0.25 × 86,400 வினாடி = 21,600 மெகாபைட், அதாவது 21.6 கிகாபைட், ஒரு நாளைக்கு.
21.6 × 8 காமிரா = 172.8 கிகாபைட், ஒரு நாளைக்கு.
172.8 × 30 நாள் = 5,184 கிகாபைட், ஏறத்தாழ 5.2 டெராபைட்.

இதனோடு ஐந்தில் ஒரு பங்கை மிகுதியாகச் சேர்த்தால் 6.2 டெராபைட் ஆகும். ஆகவே 8 டெராபைட் வட்டு வேண்டும். அதனை நிறைய எழுதவிட்டால் 46 நாட்களின் பதிவு அதில் தங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். 8 டெராபைட் என்று அச்சிட்ட வட்டைப் பொருத்தினால் கணினியின் திரையில் 7.3 அளவிலேயே எண் தோன்றும். விற்பனையாளர் ஏமாற்றிவிட்டார் என்று கருத வேண்டா. வட்டு செய்வோர் ஆயிரத்தின் மடங்குகளாக எண்ணுகின்றனர். கணினி 1,024 இன் மடங்குகளாக எண்ணுகிறது. பொருள் ஒன்றே, அளவுகோல்கள் இரண்டு.

2013 இல் வெளிவந்த எச். 265 என்னும் சுருக்க முறையைக் காமிராவும் பெட்டியும் ஏற்குமாயின், அதே தெளிவுக்கு ஏறத்தாழ பாதி இடமே போதும். அசைவு உள்ளபொழுது மட்டும் பதிவு செய்யும்படி அமைத்தும் இடத்தைச் சேமிக்கலாம். ஆனால் நமது எல்லைக் கிராமங்களில் இம்முறையை எச்சரிக்கையுடன் கையாளுதல் வேண்டும். காற்றில் ஆடும் வாழையிலையும் பெய்யும் மழையும் காமிராவுக்கு அசைவாகவே தோன்றும். இரவில் காமிராவின் அகச்சிவப்பு ஒளியை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடியின் முன் கட்டிய வலையின் ஓர் இழை ஆடினும் இரவு முழுவதும் பதிவு ஓடும். அன்றியும், தொலைவில் மெல்ல நடந்து வருபவரை இம்முறை சில வேளைகளில் தவறவிடுவதும் உண்டு. ஆதலால் வாயிலும் பணப்பெட்டியும் உள்ள இடங்களில் இடைவிடாப் பதிவே ஏற்றது.

வட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். மேசைக் கணினிக்குரிய வட்டு இரவு பகல் ஓயாது எழுதுவதற்காகச் செய்யப்பட்டதன்று. கண்காணிப்புப் பணிக்கென்றே செய்யப்பட்ட வட்டுகள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குதல் வேண்டும். ஒரே அளவுடைய இரு வட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதும்படி அமைப்பது ரெய்டு 1 எனப்படும். ஒன்று பழுதானால் மற்றது பணியைத் தொடரும். ஆயினும் தவறுதலாக அழித்த பதிவு இரண்டிலும் அழிந்துவிடும். ஆகவே இன்றியமையாத காட்சியை உடனே வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதற்கு ரெய்டு ஈடாகாது.

5. காமிராவுக்கு ஏற்ற இடம்

ஒற்றசேகரமங்கலத்தைப் போன்ற ஒரு கிராமத்தில் இரு கட்டடங்களைக் கொண்ட பள்ளி ஒன்று உள்ளதாகக் கொள்வோம். எட்டுக் காமிராக்களை எங்கே வைப்பது?

காமிராவின் தெளிவை ஒரு மீட்டர் அகலத்திற்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கால் அளப்பர். அறிமுகமில்லாத ஒருவரை இன்னார் என்று உறுதிசெய்ய மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். அறிந்த ஒருவரை அடையாளம் காண 125 போதும். ஒருவரது தோற்றத்தையும் செயலையும் பொதுவாகக் காண 62 போதும். ஆள் உண்டா இல்லையா என்றறிய 25 போதும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தர அளவு இது.

இரண்டு மெகாபிக்சல் காமிராவின் படம் 1,920 பிக்சல் அகலமுடையது. 1,920 ஐ 250 ஆல் வகுத்தால் 7.68 கிடைக்கும். ஆகவே நான்கு மீட்டர் அகலமுள்ள வாயிலை நோக்கி வைத்த காமிராவில் முகம் தெளிவாகத் தெரியும். அதே காமிராவை 30 மீட்டர் அகலமுள்ள விளையாட்டுத் திடலை நோக்கித் திருப்பினால் மீட்டருக்கு 64 பிக்சலே கிடைக்கும். யாரோ ஓடுகிறார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. திடல் முழுவதையும் காட்டும் ஒரு காமிராவைவிட, திடலுக்குச் செல்லும் இரு வழிகளையும் காட்டும் இரு காமிராக்கள் பயனுடையவை.

கிழக்கு நோக்கிய காமிராவின் கண்ணில் காலை வெயிலும், மேற்கு நோக்கியதன் கண்ணில் மாலை வெயிலும் விழும். எதிரே வருபவர் நிழலுருவாகவே தோன்றுவர். இயன்றவரை வெயிலுக்குப் புறங்காட்டி அமைத்தல் வேண்டும்.

கழிப்பறை, உடை மாற்றும் அறை, மாணவியர் ஓய்வறை ஆகியவற்றினுள்ளும் அவற்றின் உட்புறம் தெரியும் கோணத்திலும் காமிரா வைத்தல் முற்றிலும் தகாது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்துள்ளது. காமிரா உள்ள இடத்தில் அதனைத் தெரிவிக்கும் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தல் நன்று.

6. இணைக்கும் படிமுறை

கம்பி: காமிராவுக்கும் ஸ்விட்சுக்கும் இடைப்பட்ட ஈதர்நெட் கம்பி 100 மீட்டரைத் தாண்டலாகாது. பி.ஓ.இ. எனப்படும் முறையில் தகவலும் மின்சாரமும் ஒரே கம்பியிற் செல்லும். 2003 ஆம் ஆண்டின் தர அளவின்படி ஸ்விட்சின் ஒவ்வொரு துளையும் 15.4 வாட் வரை தரும். முழுச் செம்புக் கம்பியையே வாங்குதல் வேண்டும். அலுமினியத்தின் மேற் செம்பு பூசிய மலிவான கம்பியில் மின்தடை மிகுதி. நீண்ட தொலைவில் மின்னழுத்தம் குறைந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் காமிரா நின்றுவிடும். பகலில் இயங்கி இரவில் நிற்கும் காமிராவைக் கண்டால் முதலிற் கம்பியையே ஐயுறுக.

முகவரி: ஒவ்வொரு காமிராவுக்கும் சேமிப்புப் பெட்டிக்கும் மாறாத ஐ.பி. முகவரி தருதல் வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறிவிட்டால் காமிரா எழுதும் இடம் அறியாது திகைக்கும். முகவரிகளை ஒரு பதிவேட்டில் எழுதி, அதனைப் பெட்டியின் அருகே வையாது அலுவலக அலமாரியிற் பூட்டி வைக்க.

அடைவு: சேமிப்புப் பெட்டியில் காமிராக்களுக்கென்றே ஒரு பொது அடைவும், அதில் எழுதுவதற்கு மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரும் அமைக்க. நிர்வாகியின் பெயரையும் கடவுச்சொல்லையும் காமிராவிற் பதித்தல் கூடாது. காமிரா திருடப்பட்டால் பெட்டியின் திறவுகோலும் உடன்செல்லும்.

பங்கீடு: ஒவ்வொரு காமிராவுக்கும் இவ்வளவு இடம் என்று வரையறுக்க. சில காமிராக்கள் வரையறை இல்லாவிடில் பெட்டி முழுவதையும் தமதாகக் கருதி நிரப்பிவிடும். பள்ளியின் தேர்வுப் பட்டியலை வைப்பதற்கும் இடம் இராது. நமது கணக்கின்படி காமிராவுக்கு 800 கிகாபைட் தந்தால் 37 நாட்களின் பதிவு தங்கும்.

எழுதுதல்: காமிராவின் சேமிப்புப் பக்கத்தில் பெட்டியின் முகவரி, அடைவின் வழி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை இட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்துக. பின்னர் இடைவிடாப் பதிவைத் தேர்க. நிரம்பியபின் பழையதன்மேல் எழுதுக என்ற அமைப்பைத் தேர்க. இத்தனை நாட்களில் தானே அழிக்க என்ற வேறோர் அமைப்பு இருப்பின், அதில் என்ன எண் உள்ளது என்பதை இருவர் பார்த்துப் பதிவேட்டிற் கையொப்பம் இடுக. சாத்தான்குளத்தின் படிப்பினை இவ்வொரு வரியில் அடங்கும்.

துணை நினைவு: காமிராவிலேயே சிறிய மெமரி கார்டு பொருத்த இடம் இருப்பின் 64 கிகாபைட் கார்டு ஒன்றை இடுக. வலையமைப்பு அறுந்தாலும் ஏறத்தாழ மூன்று நாட்களின் காட்சி காமிராவிலேயே தங்கும்.

7. நேரத்தின் முக்கியத்துவம்

பதிவில் தோன்றும் நேரம் தவறாயின் பதிவின் மதிப்புக் குறையும். நாளொன்றுக்கு 2 வினாடி பிந்தும் கடிகாரம் ஓராண்டில் 730 வினாடி, அதாவது 12 நிமிடத்திற்கும் மேலாகப் பிந்திவிடும். எல்லையின் இருபுறத்துக் காமிராக்களையும் ஒப்பிட நேரும்பொழுது இவ்வேறுபாடு பெருங்குழப்பம் விளைக்கும். பாறசாலையில் ஒரு வண்டி 9 மணி 40 க்கும், களியக்காவிளையில் அதே வண்டி 9 மணி 35 க்கும் சென்றதாகப் பதிவு கூறினால், அது எத்திசையிற் சென்றது என்பதே ஐயமாகிவிடும்.

இந்திய நிலை நேரத்தைப் பேணுவது புதுடில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம். என்.டி.பி. என்னும் நெறிமுறையின் வழியே இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெறலாம். சேமிப்புப் பெட்டி வெளியிலிருந்து நேரத்தைப் பெறுமாறும், காமிராக்கள் பெட்டியிடமிருந்து பெறுமாறும் அமைத்தால், இணையம் நின்றாலும் எல்லாக் காமிராக்களும் ஒரே நேரத்தைக் காட்டும்.

8. மின்னலும் மின்தடையும்

துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும், கோடையிறுதியிலும் மாலை வேளைகளில் கேரளத்தில் இடி மின்னல் மிகுதி. நீண்ட செம்புக் கம்பிகள் மின்னலால் எழும் திடீர் மின்னழுத்தத்தைத் தம்மிற் கொண்டு வந்து ஸ்விட்சையும் பெட்டியையும் எரித்துவிடும். நேரே இடி விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலும் போதும்.

ஆதலால் இரு கட்டடங்களுக்கிடையே செம்புக் கம்பி இடாது கண்ணாடி இழைக் கம்பியை இடுக. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒரு கட்டடத்தில் எழுந்த கேடு மற்றொன்றை அடையாது. வெளிப்புறக் காமிராக்களின் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்தி, அதனை நல்ல நில இணைப்போடு சேர்க்க. நில இணைப்பு இல்லாத தடுப்பான் பெயரளவுக்கே தடுப்பான்.

மின்தடைக்கு வேண்டிய கணக்கு பின்வருமாறு. எட்டுக் காமிராக்கள் 6 வாட் வீதம் 48 வாட். ஸ்விட்ச் 12 வாட். சேமிப்புப் பெட்டி 20 வாட். ஆக 80 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 வாட்-மணி உள்ளது. இழப்புகளை நீக்கி 60 விழுக்காடு பயன்படும் எனக் கொண்டால் 720 வாட்-மணி. 720 ஐ 80 ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரம். ஓர் இரவுக்கு இது போதும். பாட்டரி தீரும் தறுவாயில் சேமிப்புப் பெட்டி தானே முறைப்படி நிற்குமாறு யு.பி.எஸ். உடன் இணைத்தல் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையில் திடீரென நின்றால் பதிவின் அட்டவணை கெடும்.

9. அயலார் கையிற் சேராமற் காத்தல்

2016 இல் மிராய் என்னும் தீய நிரல் உலகெங்கும் உள்ள காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அது கையாண்ட வழி மிக எளியது: தொழிற்சாலையிலிருந்து வந்தபொழுதிருந்த பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாத கருவிகளைத் தேடி நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டு டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபொழுது, புகழ்பெற்ற பல இணையத்தளங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மணி நேரம் முடங்கின.

ஆகவே கருவியை முதன்முதல் இயக்கும்பொழுதே கடவுச்சொல்லை மாற்றுக. காமிராக்களைப் பள்ளியின் பிற கணினிகளிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைக்க. வெளியிலிருந்து காண வேண்டுமென்று ரௌட்டரில் நேர்வழி திறந்துவிடுதல் கூடாது, வி.பி.என். வழியே மட்டும் காண்க. மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்த விதிகளின்படி, இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் காமிராக்கள் பாதுகாப்புத் தேவைகளுக்கேற்பச் சோதிக்கப்பட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. வாங்குமுன் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் பதிவெண்ணைப் பார்த்து வாங்குக.

10. பதிவு சான்றாகும் முறை

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் அளிக்கும்பொழுது உரிய சான்றிதழும் உடன் அளிக்கப்பட வேண்டும். அச்சான்றிதழில் ஹாஷ் மதிப்பு என்னும் நீண்ட எண்ணும் இடம்பெறும். கோப்பு முழுவதையும் ஒரு குறிப்பிட்ட கணிதத்தின் வழியே செலுத்திப் பெறுவது அவ்வெண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். எஸ்.எச்.ஏ. 256 என்பது அவ்வகைக் கணிதங்களுள் ஒன்று.

களப் பணியாளர் செய்ய வேண்டியது இது: நிகழ்ச்சி நடந்த அன்றே அந்நேரத்துப் பதிவைப் படியெடுத்து, அதன் ஹாஷ் மதிப்பைப் பதிவேட்டில் எழுதி, எடுத்தவர் பெயரும் நேரமும் குறித்து வைக்க. பதிவு நிரம்பி அழியுமுன் இது நடைபெற வேண்டும். கைபேசியால் திரையைப் படம்பிடித்து அனுப்புவது செய்தியாகலாம். மூலப் பதிவின் இடத்தைப் பெறாது.

11. மாதாந்தரச் சோதனை

ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் ஐந்து செயல்கள் செய்க. எட்டுக் காமிராக்களின் நேரத்தையும் ஒப்பிடுக. கண்ணாடிகளைத் துடைத்துச் சிலந்தி வலையை நீக்குக. வட்டின் நலம் பற்றிய அறிக்கையைப் படிக்க. மின்சாரத்தை நிறுத்திப் பாட்டரி தாங்குகிறதா என்று பார்க்க. இறுதியாக, இருபத்தைந்து நாட்களுக்கு முந்தைய ஒரு நாளின் ஒரு மணி நேரத்தைத் தேர்ந்து, அப்பதிவைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டிப் பார்க்க. இவற்றுள் ஐந்தாவதே தலையாயது. நேரலையிற் காட்சி தெரிவது காமிராவின் நலத்தைக் காட்டும். பழைய நாளின் காட்சி கிடைப்பதே சேமிப்பின் நலத்தைக் காட்டும்.

12. ஆசிரியருக்கு: வகுப்பிற் கேட்கத்தக்க வினாக்கள்

1. ஒரு காமிராவின் பதிவைப் பதினெட்டு மாதங்கள், அதாவது 548 நாட்கள் காக்க எவ்வளவு இடம் வேண்டும்? நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் எனக் கொள்க.

2. காமிராவின் வேகத்தை வினாடிக்கு 4 மெகாபிட்டாக உயர்த்தினால் 8 டெராபைட் வட்டில் எட்டுக் காமிராக்களின் பதிவு எத்தனை நாட்கள் தங்கும்?

3. 2,560 பிக்சல் அகலமுள்ள காமிராவால் எத்தனை மீட்டர் அகலம் வரை அறிமுகமில்லாத முகத்தை உறுதிசெய்யலாம்?

4. உங்கள் பள்ளியில் காமிரா வைக்கத் தகாத இடங்கள் யாவை? காரணத்துடன் எழுதுக.

விடைகள்: முதல் வினாவுக்கு 11,836.8 கிகாபைட், அதாவது ஏறத்தாழ 11.8 டெராபைட். இரண்டாவதற்கு 23 நாட்கள். மூன்றாவதற்கு 10.24 மீட்டர். நான்காம் வினாவுக்குரிய விடையை மாணவரே பேசித் தீர்மானிக்கட்டும். ஆசிரியர் கேட்டுக் குறித்துக்கொண்டு, காமிரா நிறுவ வருவோரிடம் அக்குறிப்பைக் கொடுப்பாராக.